குனியாத நர்ஸ்

காலை மணி 9.44. திரையில் இருந்த பனி சுருங்கத் தொடங்கியது.

முதலில் பார்த்தவள் ஜிஸெல். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குகிறவள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துத் திரையில் போடுவது அவள் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காந்தக் குழாய்க்குள், கஸ்பார் ரீபெல் என்ற எழுபது வயது திராட்சைத் தோட்டக்காரர் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய புரோஸ்டேட் சுரப்பிக்குள் நான்கு மெல்லிய ஊசிகள். ஊசிக்குள் ஓடும் ஆர்கான் வாயு அதன் முனையில் பனியை உண்டாக்கும். பனி புற்றைக் கொல்லும். படத்தில் அது கறுப்பு முட்டையாகத் தெரியும். முட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, பின்னால் இருக்கும் மலக்குடல் சுவரைத் தொட இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துப் பார்த்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் தவறினால் மனிதன் ஆயுசுக்கும் வயிற்றில் மலப் பையைக் கட்டிக்கொண்டு அலைவான்.

ஒரு தடவை உறைய வைத்து, உருக விட்டு, மறுபடி உறைய வைப்பது வழக்கம். இது இரண்டாவது தடவை. வளர வேண்டிய முட்டை வளரவில்லை.

"டாக்டர், பனி கரையுது."

டாக்டர் வென்ட்லிங் திரையை எட்டிப் பார்த்தார். ஊசி குத்துவதிலும் படம் பார்ப்பதிலும் அல்சாஸ் வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயரை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"வாயு வரல," என்றார். மைக்கை அழுத்தினார். "ரெமி! தூங்கிட்டியா? ரெமி!"

பக்கத்து வாயு அறையில் சிலிண்டர்களைக் கவனிக்கும் ரெமி ஓஸ்டர் பதில் சொல்லவில்லை.

"நான் போய்ப் பாக்கறேன். கோலெட், வெந்நீர நிறுத்திடாதே. இங்கயே நில்லு. போன தடவை மாதிரி பண்ணித் தொலைக்காதே."

நர்ஸ் கோலெட் கீனி பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறுநீர்க் குழாய் உறைந்துவிடாமல் அதற்குள் வெந்நீரைச் சுற்றவிடும் பம்பு அவள் பொறுப்பு. அவர் ஓடினார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாயிற்று. அதற்குமேல் அவளுக்கு நிற்க முடியவில்லை. பம்பை மயக்க மருந்து டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள்.

வென்ட்லிங் நடைகூடத்தில் கையும் முழங்காலுமாகக் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். வலது காலில் செருப்பைக் காணோம். "உள்ள போகாதே! வாயு!" என்று கத்தினார்.

வாயு அறை ஒருகாலத்தில் நிலக்கரி கொட்டிவைத்த குழி. கதவைத் திறந்தால் மூன்று படி இறங்க வேண்டும். கோலெட் கதவைத் திறந்தாள். எதிர் மூலையில் ரெமி கிடந்தார். எங்கேயோ புஸ்ஸென்ற சத்தம். ஒரு படி இறங்கினாள். முகவாயைத் தூக்கிக்கொண்டு, கதவுக்கு மேலே இருந்த பெரிய வால்வை மூடினாள். காற்றாடியின் சுவிட்சைத் தட்டினாள். பிறகு அந்தப் படியிலேயே நின்றாள்.

தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு வந்து சேரும்வரை அப்படியே நின்றாள். படுக்கை தள்ளிக்கொண்டு வந்த இரண்டு ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு எட்டு தூரத்தில் கூட வேலை பார்த்த மனிதன் கிடக்கிறான், ஒரு நர்ஸ் குனிந்து நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஓபர்வில்லர் சின்ன ஊர். பதினோரு மணிக்குள் ஊரெல்லாம் பேசிய விஷயம் ரெமி செத்தது அல்ல. கோலெட் குனியவில்லை என்பதுதான்.

மணி 11.20.

போலீஸ் கேப்டன் மார்லீஸ் ஹிர்ட்ஸுக்கு எந்த நாளிலும் ஓரிடத்தில் உட்கார வராது. அக்டோபரில் சுத்தமாக வராது. திராட்சை பறிப்பு நடக்கிற மாதத்தில் ஒயின் கிராமத்தில் பிறந்தவர்கள் யாருக்கும் கால் தரிக்காது. பத்து வருஷமாக நகரத்தில் இருந்தும் அவளுக்கு அந்த வியாதி போகவில்லை. சிகரெட்டை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கோட்டுப் பையில் புது வால்நட் கொட்டைகள். ஒன்றோடொன்றை அழுத்தி நொறுக்கி நொறுக்கித் தின்பாள். அந்தச் சத்தம் உதவியாளன் தியெபோவின் நரம்பையும் சேர்த்து நொறுக்கியது.

"அரசு வழக்கறிஞர் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு மேடம்," என்றான் அவன். "நாலு மணிக்குள்ள அந்த நர்ஸக் கைது பண்ணிக் கூட்டிட்டு வரணுமாம். ஊரே சொல்லுதாம்."

"ஊரே துப்பறிஞ்சுட்டா நமக்கெதுக்குச் சம்பளம்? வா."

காந்த அறை வாசலில் ஜிஸெல் தடுத்தாள். "சாவி, மொபைல், வாட்ச், எல்லாத்தையும் இந்தத் தட்டுல போடுங்க. அது என்ன இடுப்புல?"

"சர்வீஸ் துப்பாக்கி. கழட்ட மாட்டேன். விதி இருக்கு," என்றான் தியெபோ.

"காந்தத்துக்கு உங்க விதி தெரியாது சார். துப்பாக்கியோட போனீங்கன்னா மொதல்ல துப்பாக்கி போகும். பின்னாடி நீங்க போவீங்க."

தியெபோ துப்பாக்கியைப் பூட்டி வைத்தான். வாசலில் ஒரு செருப்பு அடுக்கு இருந்தது. இரும்பு ஆணி இல்லாத ரப்பர் செருப்புகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது. கீழ்த் தட்டில் விருந்தாளிகளுக்கான பெரிய அளவுச் செருப்புகள். மார்லீஸ் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டாள். தியெபோவுக்கு ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது, இடது கால். "இன்னொண்ணு எங்கம்மா?" என்றான். ஜிஸெல் அடுக்கைக் குடைந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

கதவில் ஒரு எச்சரிக்கைப் படம் ஒட்டியிருந்தது. கூரையை ஒட்டி ஒரு வெள்ளை மேகம். அதற்கு அடியில் ஒரு மனிதன் நாலு காலில் தவழ்ந்து போகிறான்.

"என்ன இது?"

"வருஷா வருஷம் பயிற்சி மேடம். காந்தத்துக்குள்ள ஹீலியம் இருக்கு. கசிஞ்சா குனி, தவழ், வெளிய வா. ஸ்கேன் ஆளுங்களத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவோம்."

"அந்தப் பெட்டி?" கூரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"காத்து கெட்டுப்போனா அலறும்."

வாயு அறை இப்போது காற்றோட்டமாக இருந்தது. ரெமியை எடுத்துப்போய்விட்டார்கள். அவர் கிடந்த இடத்தில் சாக்பீஸ் கோடு. பின்மண்டையில் ஒரு வீக்கம் இருந்ததாகவும், ஆனால் மனிதன் செத்தது மூச்சு முட்டித்தான் என்றும் போலீஸ் டாக்டர் சொல்லியிருந்தார். ஆர்கான் குழாயின் இணைப்பு ஒன்று ஸ்பேனரால் தளர்த்தப்பட்டிருந்தது. தானாகக் கழன்றுகொள்ளும் இணைப்பு அல்ல அது. சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வலது கால் செருப்பு, 'வென்ட்லிங்' என்று எழுதியது. சின்ன மேஜையில் ஒரு தட்டு, பாதி தின்ற டார்ட், வெங்காயம் பரப்பிச் சுட்ட அடை.

இங்கேயும் அதே வெள்ளைப் பெட்டி இருந்தது. ஆனால் முழங்கால் உயரத்தில், கீழ்ப்படிக்குப் பக்கத்துச் சுவரில். அதன் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

"இதை மாட்டினவன் குள்ளனா இருப்பான் போல," என்றான் தியெபோ.

மார்லீஸ் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, ஒரு வால்நட்டை நொறுக்கினாள்.

டாக்டர் வென்ட்லிங் தன் அறையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு மட்டும் நடுங்கவில்லை.

"உள்ள போனதும் என்ன பண்ணீங்க டாக்டர்?"

"ரெமி மூலையில கெடந்தான். கிட்ட ஓடித் தோளப் புடிச்சு இழுத்தேன். வாயு அடிக்குது, தலை சுத்துது. சட்டுனு தரையோட தரையாப் படுத்துட்டேன். மூக்கு தரையில உரசற மாதிரி தவழ்ந்து தவழ்ந்து படியேறினேன். அதுல ஒரு செருப்பு கழண்டுடுச்சு. அதுக்குத் திரும்பிப் போக முடியுமா?"

"எவ்ளோ நேரம் உள்ள இருந்தீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்படிப் படுத்துத் தவழ்ந்ததாலதான் இப்ப உங்க முன்னாடி உக்காந்திருக்கேன். பயிற்சி காப்பாத்துச்சு."

"மொதப் பனியை உருக விட்ட இடைவேளையில எங்க இருந்தீங்க?"

"வெளிய காத்தாட நின்னேன். ஆனா ரெமியோட அறைக்குப் போனது யாரு? கோலெட். தட்டோட போனா. எல்லாரும் பாத்தாங்க. இந்த வெள்ளிக்கிழமை விசாரணை இருக்கு, தெரியுமில்ல? மார்ச் மாசம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வெந்நீர் ஓடாம சிறுநீர்க் குழாய் உறைஞ்சு போச்சு. பம்பை நிறுத்தினது இவ. ரெமி சாட்சி சொல்லப் போறான்னு தெரிஞ்சதும்..." அவர் கையை விரித்தார். "நான் எதுவும் சொல்லல. அவ குனிஞ்சு கூடப் பாக்கலன்னு ஊரே சொல்லுது."

"ஊரு நெறையச் சொல்லும்," என்றாள் மார்லீஸ்.

ஜிஸெலிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "ரெண்டாவது தடவை பனி ஆரம்பிச்சப்ப டாக்டர் எப்படி இருந்தார்?"

"வழக்கம்போலத்தான் மேடம். நடந்துட்டே இருந்தார். ஆனா வாத்து மாதிரி நடந்தார். ஒரு கால் தப்பு தப்புன்னு சத்தம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிக்கிட்டேன். அப்புறம் பனி கரைஞ்சுது, சிரிப்பு எங்க வரும்?"

கோலெட் துணி மாற்றும் அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. அழுது முடித்த முகம்.

"மார்ச் மாசம் பம்பை நிறுத்தினது யாரு?"

"நான்தான் மேடம்."

"ஏன்?"

"நிறுத்துன்னு டாக்டர் சொன்னார். புத்து குழாயை ஒட்டி இருந்துச்சு, வெந்நீர் ஓடினா பனி அதுவரைக்கும் எட்டாதுன்னு. ரெண்டே நிமிஷம்தான்னார். அப்புறம் நான் சொல்லவே இல்லைன்னுட்டார். ஜிஸெல் அன்னைக்கு லீவு. கண்ட்ரோல் ரூம்ல நாங்க ரெண்டு பேருதான்."

"சாட்சி?"

"ரெமி. அவர் அறையில ஸ்பீக்கர் இருக்கு. இங்க பேசறது அங்க கேக்கும். ஏழு மாசம் பயந்துட்டுச் சும்மா இருந்தார். இன்னைக்குக் காலையில டார்ட் கொண்டு போனேன். எங்க வீட்டு டார்ட்னா அவருக்கு உசுரு. 'வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீ நிம்மதியாத் தூங்குவே கோலெட்'னார். டாக்டர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லிட்டாராம். முதுகுக்குப் பின்னாடி பேசறது அவருக்குப் புடிக்காது."

குனியக் குனியக் குட்டுகிற உலகத்தில் இவள் ஏழு மாதம் குனிந்தே இருந்திருக்கிறாள். ஒருநாள் குனியவில்லை என்பதற்காகக் கொலைகாரி ஆகிவிட்டாள்.

"அப்ப ஏன் இன்னைக்குக் குனியல?"

கோலெட் நிமிர்ந்து பார்த்தாள். "குனியக் கூடாது மேடம்."

"யார் சொன்னது?"

"ரெமிதான். மொத நாளே சொல்லிக் குடுத்தார்." அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். "விடுங்க. காரணம் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும். நான் குனிஞ்சிருக்கணும்."

மணி 1.40.

தியெபோ ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அழுக்குத் துணிக் கூடையில கெடந்துச்சு மேடம். விருந்தாளிச் செருப்பு, வலது கால், நாப்பத்தாறு அளவு. காலையில எனக்குக் கிடைக்காத அதே ஒத்தச் செருப்பு. யாரோ எனக்குன்னே சதி பண்ணியிருக்காங்க."

"உனக்கில்ல," என்றாள் மார்லீஸ். "பத்திரமா வை."

அவள் நடைகூடத்தை அளந்துகொண்டிருந்தாள். அந்தக் கோடி வரை, இந்தக் கோடி வரை. ஏதோ ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. முழங்கால் உயரத்துப் பெட்டி. கூரை உயரத்துப் பெட்டி. முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்ற நர்ஸ். அரசு வழக்கறிஞர் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

அப்போது ஒரு வார்டிலிருந்து இடி மாதிரி குரல் கேட்டது. ரீபெல் மயக்கம் தெளிந்துவிட்டார்.

"பாதி உறைஞ்சு பாதி உருகி எழுப்பி விட்டுட்டீங்களே! நான் என்ன ஐஸ்கிரீமா? இன்னொரு தடவை படுக்கணுமா? எப்ப? தொட்டியில திராட்சை நுரைச்சுக்கிட்டு இருக்கு, நான் இங்க பல்லக் காட்டிட்டுப் படுத்திருக்கறதா?" நர்ஸைத் துரத்திவிட்டுப் போனை எடுத்தார். "மகளே! கீழ் நிலவறைக்குப் போனியா? மெழுகுவத்தி எடுத்துட்டுப் போனியா? எங்க புடிச்சே? மூஞ்சிக்கு நேராவா? அறிவிருக்காடி? முழங்காலுக்குக் கீழ புடிக்கணும்! திரி அணைஞ்சா அப்படியே திரும்பி ஓடி வந்துடு. பக்கத்துத் தெரு ஹூபரு போன வருஷம் என்ன ஆனான்? கீழ விழுந்த சாவியை எடுக்கக் குனிஞ்சான். நிமிரவே இல்ல."

நடைகூடத்தில் வால்நட் நொறுங்கும் சத்தம் நின்றது.

"தியெபோ," என்றாள் மார்லீஸ். "தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடு. அவங்க உள்ள போனப்ப காத்தை அளக்கற கருவியை எந்த உயரத்துல வெச்சுப் பாத்தாங்க, என்ன காட்டுச்சுன்னு கேளு. அப்புறம் மருத்துவமனை ஜெபக்கூடத்துலேர்ந்து ஒரு மெழுகுவத்தி கொண்டு வா. ஒரு வாளியும்."

"ஜெபம் பண்ணப் போறோமா மேடம்?"

"ஒருத்தருக்கு அது தேவைப்படும்."

மணி 3.15.

வாயு அறைக்கு வெளியே எல்லோரும் நின்றார்கள். வென்ட்லிங், ஜிஸெல், கோலெட். தீயணைப்பு அதிகாரி ஒருவர் சிறிய ஆர்கான் சிலிண்டரோடு வந்திருந்தார். சக்கர நாற்காலியில் ரீபெலும் வந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை, போகச் சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை. கோலெட் ஒருவரையும் பார்க்கவில்லை. நாலு மணிக்குத் தன்னைக் கூட்டிப்போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர், எப்படி வெளிய வந்தீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க," என்றாள் மார்லீஸ்.

"இது அவசியமா?"

"அறிக்கையில எழுதணும். தப்பா எழுதிடக் கூடாதில்ல?"

வென்ட்லிங் பெருமூச்சு விட்டார். மண்டியிட்டார். மூக்கு தரையைத் தொடுகிற அளவு தாழ்ந்து, நாலு எட்டு தவழ்ந்து காட்டினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"நல்லாத் தவழ்றீங்க. வருஷா வருஷம் பழகினதாச்சே," என்றாள் அவள். தீயணைப்பு அதிகாரிக்குத் தலையசைத்தாள். அவர் வாளிக்குள் குழாயை விட்டு ஆர்கானை மெதுவாகத் திறந்தார். வாளியில் எதுவும் தெரியவில்லை. வெறும் வாளி.

மார்லீஸ் மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். வாளிக்கு மேலே பிடித்தாள். சுடர் நிமிர்ந்து எரிந்தது. மெல்லக் கீழே இறக்கினாள். விளிம்பைத் தாண்டியதும் சுடர் பொட்டென்று அணைந்தது.

"எங்க நிலவறை மாதிரியே. திராட்சை நுரைக்கறப்ப வர்ற வாயுவும் இப்படித்தான் கீழ தேங்கும்," என்றார் ரீபெல்.

"ஆமா அய்யா. ஹீலியம் லேசு. மேல போகும். அது கசிஞ்சா தவழ்ந்து வெளிய வந்தவன் பொழைப்பான். அதனாலதான் காந்த அறையில பெட்டி கூரையில இருக்கு. ஆர்கான் கனம். தண்ணி மாதிரி பள்ளத்துல தேங்கும். அதனாலதான் இங்க பெட்டி முழங்கால்ல இருக்கு. இந்த அறையே ஒரு வாளிதான். தீயணைப்புக்காரங்க கருவி மேல்படியில, தலை உயரத்துல நல்ல காத்துன்னு காட்டியிருக்கு. தரையில மூச்சு விடக் காத்தே இல்ல." அவள் வென்ட்லிங் பக்கம் திரும்பினாள். "தரையில கெடந்த ரெமி செத்துட்டார். அதே தரையில மூக்க உரசிக்கிட்டு ரெண்டு நிமிஷம் தவழ்ந்த நீங்க மட்டும் எப்படி டாக்டர் பொழைச்சீங்க?"

வென்ட்லிங் ஒரு எட்டு பின்னால் போனார். "கலவரத்துல... நின்னுட்டே கூட வந்திருக்கலாம். சரியா ஞாபகம் இல்ல."

"மூணு மணி நேரம் முன்னாடி தெளிவா இருந்துச்சு. பனி கரைஞ்சப்ப நீங்க இந்த அறைக்குள்ள காலே வைக்கல, வெளிய நடைகூடத்துலதான் இருமினீங்க. உள்ள வாயு நெறைஞ்ச பிறகு போனதா கதை கட்டணும். ஏன்னா உங்க செருப்பு உள்ள கெடக்கு. அது எப்ப கழண்டுச்சு? இடைவேளையில. ரெமிகிட்ட வாயை மூடிட்டு இருன்னு கேக்கப் போனீங்க. தள்ளுமுள்ளு. அவர் பின்மண்டை சிலிண்டர்ல அடிச்சுது. விழுந்தார். விபத்துன்னு காட்டறதுக்கு இணைப்பைத் தளர்த்தி, பெட்டியோட பிளக்கைப் புடுங்கிட்டு ஓடினீங்க. வெளிய வந்து பாத்தா ஒரு கால்ல செருப்பு இல்ல. திரும்பிப் போக பயம். அடுக்குலேர்ந்து கையில கெடைச்ச விருந்தாளிச் செருப்பை மாட்டிக்கிட்டீங்க."

தியெபோ பையைத் தூக்கிக் காட்டினான். ஜிஸெல் வாயைப் பொத்திக்கொண்டாள். "வாத்து நடை," என்றாள்.

"பனி கரைஞ்சதும் மத்தவங்களுக்கு முன்னாடி ஓடினீங்க. அந்தச் செருப்பைக் கூடையில வீசிட்டு, முழங்கால் போட்டு இருமினீங்க. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. பொய் சொல்லும்போது மட்டும், பழக்கதோஷம், ஸ்கேன்காரங்க பொய்யைச் சொல்லிட்டீங்க. இதை வாயு ஆளுங்க யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதல்ல. வென்ட்லிங் சுவரில் சாய்ந்தார். அழுதபோதும் அவர் அழுதது தனக்காகத்தான்.

"விழுந்ததும் செத்துட்டான்னு நினைச்சேன். செத்தவன்னு நினைச்சுத்தான் வாயுவைத் திறந்தேன். ஒரே ஒரு வார்த்தை. நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொன்னேன், மார்ச் மாசம். ஏழு மாசம் வாயைத் திறக்காதவன் இப்ப எதுக்கு..."

"அவர் அப்ப உசுரோடதான் இருந்தார் டாக்டர்," என்றாள் மார்லீஸ். "நீங்க குனிஞ்சு நாடியைத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த நேரத்துல அறையில நல்ல காத்து இருந்துச்சு. குனியலாம்."

தியெபோ வென்ட்லிங்கின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். கடைசித் தடவையாக அரசு வழக்கறிஞரின் அழைப்பு வந்தது. மார்லீஸ் எடுத்து, "கைது பண்ணியாச்சு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ரீபெல் நாற்காலியைக் கோலெட்டுக்குப் பக்கத்தில் உருட்டினார். "அம்மாடி, மறுபடி என்னைப் படுக்க வைக்கறப்ப, யாரு ஊசி போட்டாலும் சரி. அந்த வெந்நீர் பம்புகிட்ட நீதான் நிக்கணும். இல்லேன்னா நான் படுக்க மாட்டேன்னு சொல்லிடு." அவள் தலையாட்டினாள். அவர் திராட்சையைப் பற்றி யாரிடமோ போனில் கத்திக்கொண்டே போய்விட்டார். ஜிஸெலும் போனாள்.

கோலெட் மட்டும் வாயு அறையின் வாசலில் நின்றாள். காலையில் நின்ற அதே மேல்படி. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் பிளக்கை யாரோ மறுபடி சொருகியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மேஜையில் பாதி தின்ற டார்ட், தரையில் சாக்பீஸ் கோடு.

மார்லீஸ் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் வால்நட் இருந்தது. நொறுக்கவில்லை.

"மேடம்," என்றாள் கோலெட். "இப்பக் குனியலாமா?"

"இப்பக் குனியலாம்."

கோலெட் மூன்று படியும் இறங்கினாள். சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ரெமியின் தோள் இருந்த இடத்தில் கையை வைத்து, முழுசாகக் குனிந்தாள்.